தலை வலிக்குதா, வசு?

பிரிக்பீல்ட்ஸில் யுகேந்திரனைத் தெரியாத மசாஜ் கடை இல்லை. பார்வையற்றவர்கள் நடத்தும் அந்தக் கடைகளில் ஒரு நாளைக்கு எத்தனை துண்டு எண்ணெய்ப் பிசுக்காகிறதோ, அத்தனையும் மறுநாள் காலை வெளுத்து மடித்துத் திரும்பி வந்தாக வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அந்த வேலையைச் செய்து வந்தவர்கள் யுகேந்திரனும் அவன் மனைவி வசுந்தராவும். பின்சந்தில் ஒரு டோபிக் கடை, நான்கு துவைக்கிற மிஷின், மூன்று காயவைக்கிற மிஷின், ஒரு பழைய வெள்ளை வேன். வீடு கிள்ளானில். ஒரே மகள் ஷாமினி பினாங்கில் வேலை பார்த்தாள். காலை ஆறரைக்கெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் வந்து கடை ஷட்டரைத் தூக்கிவிடுவார்கள்.

வேனின் பின்கதவு மேலே தூக்கித் திறக்கிற வகை. அதைத் தாங்கிப் பிடிக்கிற கம்பி இரண்டும் பலம் போய், கதவைத் தூக்கினால் நிற்காமல் மெல்ல இறங்க ஆரம்பித்திருந்தது. மெக்கானிக் பாலன் பார்த்துவிட்டு, "அண்ணே, இத மாத்திருங்க. கால் மணி நேர வேலைதான்" என்றான்.

"அடுத்த வாரம் கொண்டு வரேன் லா" என்றான் யுகேந்திரன்.

அந்த அடுத்த வாரம் மூன்று தடவை வந்து போனது. அதுவரைக்கும் தரை துடைக்கிற மோப்பின் உடைந்த கம்பு ஒன்றை முட்டுக்கொடுத்துக் கதவை நிறுத்தி வந்தான். வேலை சுளுவாக நடந்தது. கம்பு இருக்கும்போது கம்பி எதற்கு என்கிற எண்ணம்.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கடை ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. மேலே தள்ளிவிட ஏதாவது நீளமாக வேண்டியிருந்தது. வசுந்தரா உள்ளே மிஷினைப் போட்டுக்கொண்டிருந்தாள். யுகேந்திரன் வேன் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கம்பை உருவினான். கதவு அசையாமல் நின்றது. கொஞ்ச நேரம் நிற்கும் என்று நினைத்து ஷட்டரடிக்குப் போனான். அவன் முதுகைத் திருப்பியிருந்த நேரத்தில் வசுந்தரா வெளியே வந்து, துண்டு மூட்டையை இழுப்பதற்காக வேனுக்குள் குனிந்தாள்.

சத்தம் கேட்டுத்தான் திரும்பினான். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். "என்னங்க, யாரு அடிச்சா?" என்று கேட்டாள். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை. "மூளை குலுங்கியிருக்கு, கன்கஷன்னு சொல்வோம்" என்றார் இளம் டாக்டர். "ரெண்டு நாள் நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நடக்கலாம், சின்னச் சின்ன வேலை பாக்கலாம். நெறைய பேருக்குச் சில வாரத்துல சரியாயிரும். எப்படி அடி பட்டுச்சு?"

"வேன் கம்பி திடீர்னு புட்டுக்கிச்சு டாக்டர்" என்றான் யுகேந்திரன்.

வாயில் அது தானாக வந்தது. கம்பி பலமிழந்தது உண்மைதானே என்று மனசுக்குள் ஒரு சமாதானம். ஆனால் கம்பைப் பற்றி அவன் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அந்த நொடியில் சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது. மாலையில் வசுந்தராவும் அதையே கேட்டாள். அதையே சொன்னான். இரண்டாம் தடவை சொன்ன பிறகு அதுதான் நடந்தது என்றாகிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலமே பாலன் பட்டறையில் கம்பியை மாற்றிவிட்டான். அவன் சொன்னபடி கால் மணி நேர வேலைதான். யுகேந்திரன் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கால் மணி நேரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் எப்படிப் படிப்படியாக வழக்கத்துக்குத் திரும்புவது என்று இருந்தது. மறுபக்கத்தில் எது எது ஆபத்து என்று இருந்தது: தொடர்ந்து வாந்தி, மயக்கம், வலிப்பு. யுகேந்திரன் மறுபக்கத்தை மட்டும் நூறு தடவை படித்தான். யாரோ ஒரு ஆன்டி, தன் சொந்தக்காரர் ஒருவர் தலையில் அடிபட்டு மூன்றாம் நாள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதோடு அவனுக்குத் தூக்கம் போயிற்று.

படுக்கையறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டான். டிவியைப் பிடுங்கி வைத்தான். கைப்பேசி வெளிச்சம் ஆகாதென்று அவள் ஃபோனை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். குளியலறைக்கு அவள் போனால் கதவுக்கு வெளியே நின்றான். சமையல் அவன்தான். கடையிலிருந்து மணிக்கொரு தரம் வீட்டு ஃபோனுக்கு அடிப்பான்.

"தலை வலிக்குதா வசு?"

"இப்ப இல்லீங்க."

"நல்லா யோசிச்சுப் பாரு. லேசா இருக்கா?"

நல்லா யோசித்துப் பார்த்தால் எந்தத் தலைதான் வலிக்காது? "லேசா இருக்கற மாதிரிதான் இருக்கு" என்பாள் வசுந்தரா. உடனே அவன் வேனை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு ஓடுவான்.

மூன்றாவது வாரத்தில் அவள் உண்மையாகவே தேறியிருந்தாள். ஒரு நாள் அவன் வீட்டுக்கு வந்தபோது ஜன்னல் துணியை ஒதுக்கிவிட்டு அடுப்படியில் நின்றிருந்தாள். முகத்தில் பழைய களை. ஆனால் அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்துகொண்டிருந்தது. அவள் கீரை ஆய்வதில் கவனமாக இருந்தாள்.

யுகேந்திரன் அலறியடித்து அடுப்பை அணைத்தான். "பாத்தியா? பாத்தியா வசு? அடுப்பு எரியறதே ஞாபகம் இல்ல. நான் சொல்லல? இன்னும் மூளை ஆறல!"

அவள் கையிலிருந்த கீரையைப் பார்த்தாள். பிறகு தீய்ந்த பாத்திரத்தைப் பார்த்தாள். முகத்திலிருந்த களை இறங்கியது. "ஆமாங்க. சுத்தமா மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, தானாகவே போய்ப் படுத்துக்கொண்டாள். அவனே துணியை மறுபடி இழுத்துவிட்டான்.

அதிலிருந்து எல்லாம் அடியின் கணக்கில் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி பெயர் நாக்கில் வரவில்லையா, அடி. பகலெல்லாம் படுத்திருந்தவளுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லையா, அடி. எழுந்தால் தலை சுற்றுகிறதா, மோட்டார் சைக்கிள் சத்தம் பொறுக்கவில்லையா, காரணம் இல்லாமல் அழுகை வருகிறதா, எல்லாம் அடி. ஷாமினி ஃபோனில், "அப்பா, டாக்டர்தான் நடக்கச் சொன்னாங்களே, அம்மாவ வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றாள். "நீ வந்து பாத்துக்கறியா?" என்று சீறினான். அவள் அதோடு விட்டுவிட்டாள். பெற்ற மகளிடம் அப்படிச் சீறியது அவனுக்கே அதிர்ச்சிதான். ஆனால் வெளியே கூட்டிப் போய், அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? முதல் தடவை போலவே இரண்டாம் தடவையும் அவன் கையால் ஆனதாகிவிடும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் உள்ளங்கையில் மோப்புக் கம்பின் வழுவழுப்பு தெரிந்தது.

ஊர் அவனைப் புகழ்ந்தது. "பொண்டாட்டிய உள்ளங்கையில வச்சுத் தாங்கறான்" என்றார்கள் கோயிலில். கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வான். அடக்கம் என்று நினைத்தார்கள்.

அவனை உலுக்கிய முதல் ஆள் பரமேஸ்வரன். பிறவியிலேயே பார்வையில்லாதவன், மசாஜ் கடை வைத்திருப்பவன், யுகேந்திரனின் வயசுதான். துண்டுகளை இறக்கிவைக்கப் போன அரை மணி நேரத்தில் யுகேந்திரன் நான்கு தடவை வீட்டுக்கு ஃபோன் அடித்துவிட்டான். பரமேஸ்வரன் துண்டுகளைத் தடவி எண்ணிக்கொண்டே சொன்னான்:

"பாஸ், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. எங்கம்மாவும் இப்படித்தான். நான் விழுந்துருவேன் விழுந்துருவேன்னு பதினோரு வயசு வரைக்கும் ஒரே எடத்துல உக்கார வச்சாங்க. எனக்குக் கண்ணுதான் இல்ல, காலு நல்லா இருந்துச்சு. ஸ்கூல்ல சேத்தப்ப எனக்குப் படிக்கட்டு ஏறத் தெரியாது."

"அவளுக்குத் தலையில அடி பரமேஸ்" என்றான் யுகேந்திரன்.

"தெரியும் பாஸ். அதனாலதான் சொல்றேன்."

யுகேந்திரனுக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அந்தக் கடைக்கு வேண்டுமென்றே கடைசியாகப் போனான். ஆனால் அந்தப் படிக்கட்டு மனசை விட்டுப் போகவில்லை.

ஐந்தாவது மாதம் ஆஸ்பத்திரியில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். அப்போதும் சுத்தம். டாக்டர் அவர்களை மறுவாழ்வு சிகிச்சைப் பிரிவில் இருந்த மனநல நிபுணர் உஷாராணியிடம் அனுப்பினார். மனநலம் என்றதும் யுகேந்திரனுக்குச் சுருக்கென்றது. அவரைப் பார்த்ததுமே கேட்டுவிட்டான்: "டாக்டர், இவ நடிக்கறான்னு சொல்றீங்களா?"

உஷாராணிக்கு நாற்பது வயசிருக்கும். அவசரமே இல்லாமல் பேசுகிறவர். "இல்ல. வலி நிஜம், தலைச்சுத்தல் நிஜம். அவங்க சொல்றது எதையும் நான் சந்தேகப்படல" என்றார். வசுந்தரா கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அழுதாள். தான் நடிக்கவில்லை என்று யாராவது சொல்ல வேண்டும் என்று அவள் இத்தனை நாள் காத்திருந்தது யுகேந்திரனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு நாளைக்கு எத்தன தடவ தலை வலிக்குதான்னு கேப்பீங்க?"

"ஒரு அஞ்சாறு இருக்கும்."

"நாளைக்குக் கேக்கறப்பல்லாம் ஒரு கோடு போடுங்க. பொய் சொல்லக் கூடாது."

அவன் ஒரு சலவை ரசீதின் பின்பக்கம் கோடு போட்டான். முப்பத்தொன்று. அதோடு அன்றைக்கு அவன் கொஞ்சம் அடக்கித்தான் கேட்டிருந்தான்.

அடுத்த வாரம் அந்தத் தாளை உஷாராணி வெகுநேரம் பார்த்தார். "அடி பட்ட மூளை பெரும்பாலும் சில வாரத்துல ஆறிடும். ஆனா உடம்புல ஒரு காவல் இருக்கில்ல, அது இன்னும் ஆபத்து போகலன்னே நெனச்சிக்கிட்டிருக்கும். கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் சத்தம் வந்தாலே கத்தும். நாம பயந்து இருட்டுக்குள்ள ஓட ஓட, அதுக்கு ஆபத்துதான்னு உறுதியாயிரும். உடம்பும் படுத்துப் படுத்துப் பலம் போயிரும். எழுந்தா சுத்தும். சுத்துனா இன்னும் பயம்." அவர் தாளை மடித்தார். "நீங்க ஒவ்வொரு தடவ கேக்கறப்பவும் அவங்க உள்ள போய் வலிய தேடறாங்க. தேடினா கிடைக்கும்."

"அப்ப என்னாலதானா?" என்றான் யுகேந்திரன்.

"பாசத்துலயும் பயத்துலயும் நெறைய பேர் இதத்தான் செய்வாங்க. ஆனா உங்க பயம் கொஞ்சம் அதிகமா இருக்கு. வேற ஏதாவது இருக்கா, யுகேந்திரன்?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "ஒண்ணுமில்ல டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டான்.

வீடு திரும்பும்போது ஃபெடரல் நெடுஞ்சாலையில் நல்ல நெரிசல். வசுந்தரா தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பக்கத்தில் சாய்ந்திருந்தாள். அவன் அதுவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். அவள்தான் பேசினாள்.

"அந்த டாக்டரம்மா எங்கிட்ட கேட்டாங்க, அடி பட்டதுக்கு யார் காரணம்னு நெனக்கிறீங்கன்னு. நான் சொன்னேன், நான்தான்னு. பாக்காம தலைய உள்ள விட்டது நான்தான. என் அவசரத்தால உங்களுக்குத்தான் கஷ்டம். சமைக்கறீங்க, துவைக்கறீங்க, என்னையும் பாத்துக்கறீங்க. வேற ஒருத்தனா இருந்தா எப்பவோ வெறுத்துப் போயிருப்பான்."

முன்னால் நின்ற லோரியின் பிரேக் விளக்கைப் பார்த்தபடி யுகேந்திரன் சொன்னான்: "கம்பி புட்டுக்கல வசு."

"என்ன?"

"கம்பி மூணு வாரம் முன்னாடியே போயிருச்சு. பாலன் மாத்தச் சொன்னான். நான் மாத்தல. கம்பு வச்சு நிறுத்தியிருந்தேன் பாரு, மோப்புக் கம்பு. அன்னிக்கு ஷட்டர தள்ள அத நான்தான் உருவுனேன். கதவு நிக்கும்னு நெனச்சேன். உங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

லோரி நகர்ந்தது. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். வசுந்தரா காதைப் பொத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"நான்தான்னு நான் அழுதப்ப பக்கத்துல இருந்தீங்களே."

"இருந்தேன்."

"எத்தன தடவ?"

அவன் லோரியின் பின்னாலேயே வேனை நகர்த்தினான்.

"கதவு விழுந்தது ஒரு நிமிஷம். அது கெட்ட நேரம், போகட்டும். அஞ்சு மாசம்! என் ஃபோனப் பிடுங்கி, ஜன்னல அடச்சு, எழுந்தா உக்காரு, உக்காந்தா படு... எனக்கு மூளை போச்சுன்னு நானே நம்பிட்டேன். அதெல்லாம் எனக்காகவா செஞ்சீங்க? உங்களுக்காக செஞ்சீங்க." அவள் குரல் உயர்ந்தது. ஐந்து மாதத்தில் அவன் கேட்டிராத குரல். "ஷா ஆலாம் ஸ்டேஷன்ல நிறுத்துங்க. நான் டிரெயின்ல போறேன்."

"தனியாவா? வசு, தலை..."

"நிறுத்துங்க!"

நிறுத்தினான். தன் சட்டைப்பையிலிருந்து அவள் ஃபோனை எடுத்து நீட்டினான். வாங்கிக்கொண்டாள். கைப்பையில் ரயிலுக்குத் தட்டுகிற டச் அண்ட் கோ கார்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றிப் பற்றி மேம்பாலப் படி ஏறினாள். ஒவ்வொரு படியிலும் நின்றாள். அவன் வேனை விட்டு இறங்கினான், மறுபடி ஏறினான். ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்கச் சொல்லி இரண்டு காலும் துடித்தன. அவள் மறைகிற வரைக்கும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கிள்ளான் ஸ்டேஷனில் அவன் காத்திருந்தான். ஒரு ரயில் வந்தது, அவள் இல்லை. அடுத்ததும் வந்தது, இல்லை. மூன்றாவதில் இறங்கினாள். முகம் வெளுத்துப்போய், சேலை முந்தானையால் வாயைத் துடைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். "பாடாங் ஜாவா ஸ்டேஷன்ல எறங்கி வாந்தி எடுத்தேன். ஒரு மலாய்க்கார அக்கா தண்ணி குடுத்தாங்க. தலை வெடிக்குது" என்றாள். அவன் வாயைத் திறந்தான். "கேக்காதீங்க" என்றாள்.

மறுநாள் காலை ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு ரவாங்கில் இருந்த அக்கா இராஜம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். அதுவும் ரயிலில்தான். எப்போது வருவாய் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இராஜம்மா கையுறை கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவள், விதவை. தங்கைக்குப் பணிவிடை செய்ய அவளுக்கு நேரமும் இல்லை, அந்தக் குணமும் இல்லை. "சோறு பானையில இருக்கு, கொழம்பு நீ வச்சுக்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். முதல் வாரம் வசுந்தரா மோசமாகத்தான் இருந்தாள். வலி கூடியது, இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. ரோஷத்தில் தப்பான முடிவெடுத்துவிட்டோமோ என்று பயந்து உஷாராணிக்கு ஃபோன் செய்தாள். அவர் திட்டத்தைச் சின்னதாக்கினார். பத்து நிமிஷம் நடக்கட்டும், அவ்வளவுதான். வலி கொஞ்சம் ஏறினால் வேகத்தைக் குறைக்கட்டும், படுக்கைக்கு ஓட வேண்டாம். நன்றாக இருக்கிறது என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்துவிடவும் வேண்டாம். மூன்று நாளைக்கு ஒரு தடவை ஐந்து நிமிஷம் கூட்டட்டும்.

பத்து நிமிஷம் பதினைந்தானது. ஒரு நாள் காலைப் பாசாருக்குப் போனாள். மீன்காரன் கத்திய சத்தத்தில் தலை கிர்ரென்றது. ஒரு கடையோரம் உட்கார்ந்து, மூச்சை இழுத்து விட்டு, எழுந்து மீனும் வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள். இன்னொரு நாள் பாலைத் தீய விட்டாள். பதறிப்போய் அக்காவிடம் சொன்னபோது இராஜம்மா சிரித்துவிட்டாள். "நீ எப்ப பாலத் தீய விடாம இருந்த? கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா உன்ன அடிச்சதே அதுக்குத்தான்." வசுந்தரா யோசித்துப் பார்த்தாள். ஆமாம், நல்ல காலத்திலேயே மாதத்துக்கு இரண்டு தடவை தீய்ந்துதான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி பெயரும் என்றைக்குமே அவள் நாக்கில் நின்றதில்லை.

பிரிக்பீல்ட்ஸில் யுகேந்திரன் தனியாளாய் மூட்டை தூக்கினான். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு தடவை மட்டும் ஃபோன் செய்யலாம், உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. இது வசுந்தரா போட்ட சட்டம். முதல் நாள் ஃபோனை எடுத்தபோது அவனுக்குப் பேச ஒன்றுமே இல்லை.

"இங்க மழை" என்றான்.

"இங்கயும்."

அதற்கு மேல் இரண்டு பேரும் மூச்சு விடுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்து மாதமாக அந்த வீட்டில் வலியைத் தவிர வேறு பேச்சே இருந்ததில்லை என்பது அவனுக்கு அப்போது உறைத்தது. இருபத்திரண்டு வருஷம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே துண்டு மடித்தவர்கள் அவர்கள்.

நான்காம் நாள் ஒரு விஷயம் கிடைத்தது. "பரமேஸ் கடையில துண்டெல்லாம் வழுக்குதாம். வாடிக்கையாளருங்க தும்மறாங்களாம்."

"சாஃப்ட்னர் எவ்வளவு ஊத்துனீங்க?"

"ரெண்டு மூடி."

"ரெண்டா! அர மூடி லா! துணிக்கா ஊத்தறீங்க, குளத்துக்கா? மறுபடியும் எல்லாத்தையும் வெறும் தண்ணில போட்டு எடுங்க" என்று ஒரு பாட்டம் திட்டினாள். திட்டி முடித்து ஃபோனை வைத்தாள். யுகேந்திரன் அந்த மூட்டைகளை எல்லாம் அவிழ்த்து மறுபடி மிஷினில் போட்டான். போட்டுக்கொண்டே அழுதான். மிஷின் சத்தத்தில் வெளியே கேட்டிருக்காது.

அக்டோபர் கடைசியில் ஒரு காலை, எட்டு மணி சுமாருக்கு அவள் கடைக்குள் நுழைந்தாள். ரவாங்கிலிருந்து சென்ட்ரல் வரைக்கும் ரயில், அங்கிருந்து நடை. கறுப்புக் கண்ணாடி இல்லை. கைப்பையை மாட்டிவிட்டு மேசையில் குவிந்திருந்த துண்டுகளைப் பார்த்தாள். "இதுக்குப் பேரு மடிப்பா?" என்று ஒன்றை உதறினாள். பிறகு அவனைப் பார்க்காமலே சொன்னாள்:

"உங்கள மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க. அது எப்ப வரும்னு எனக்கே தெரியல. ஆனா இது என் கடையும்தான்."

"சரி" என்றான் யுகேந்திரன்.

அன்று சாயங்காலம் கிள்ளான் வீட்டுக்கு வந்ததும் அவளே நாற்காலி போட்டு ஏறிக் கறுப்புத் துணியைக் கிழித்தெடுத்தாள். அவன் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளக் கை நீட்டினான், பிறகு கையை மடக்கிக்கொண்டான்.

அவள் முழுக்க ஆறிவிட்டாள் என்று சொல்ல முடியாது. மதியத்துக்கு மேல் வேலை செய்தால் இன்னும் தலை கனக்கிறது. உருமி மேளம் அடிக்கிற இடத்தில் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடிவதில்லை. கோபமாக இருக்கிற நாளில் வலி கூடுகிறது, அது கோபத்தின் வலி என்று அவளுக்கே இப்போது தெரிகிறது. வந்தால் கொஞ்சம் உட்காருகிறாள், பிறகு எழுந்துகொள்கிறாள்.

ஒரு நாள் ஒரு ஆன்டி கடைக்கு வந்து, "உன் புருஷன் மாதிரி ஒரு தங்கமான மனுஷன் கெடைக்கணும்மா. அந்தக் கதவு விழுந்ததுலருந்து உன்ன எப்படித் தாங்கினாரு" என்று கண்கலங்கினாள். வசுந்தரா துண்டை மடித்துக்கொண்டே, "கதவுக்கு முட்டுக்கொடுத்த கம்ப உருவுனதே அவருதான் ஆன்டி" என்றாள். ஆன்டி சிரித்தாள், வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து. பிறகு யுகேந்திரன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஆமா ஆன்டி. நான்தான்" என்றான் அவன்.

அவன் வாயால் முதல் தடவையாக மூன்றாம் மனுஷர் காதில் அது விழுந்தது. ஆன்டி போன பிறகு அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. வசுந்தரா ஒரு கிளாஸ் தண்ணீரை அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

அவனுக்குத் தூக்கம் இன்னும் சரியாகவில்லை. கண்ணை மூடினால் கதவு இறங்குகிறது. வசுந்தராவின் கடைசிச் சந்திப்பில் உஷாராணி அவனைப் பார்த்து, "இனி நீங்க வரலாமே" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரு ஆலோசகர் பெயரை எழுதிக் கொடுத்தார். அடிபட்டவள் அவள், எனக்கு எதற்கு என்று யுகேந்திரன் இரண்டு மாதம் தட்டிக் கழித்தான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தன் வாயே சொல்வது ஒரு நாள் அவன் காதில் விழுந்தது. அன்றே ஃபோன் செய்து நேரம் வாங்கினான்.

ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்குக் கிளம்பினான். "நானும் கூட வரணுமா?" என்று கேட்டாள் வசுந்தரா.

"வேணாம். கடைய யாரு பாக்கறது?"

"அதான் நானும் நெனச்சேன்" என்று அவள் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆலோசகர் ஒரு வயசான சீனப் பெண்மணி, மலாயில் பேசினார். எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். யுகேந்திரன் வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கடை ஷட்டர் சிக்கிக்கிச்சு" என்று ஆரம்பித்தான், இந்தத் தடவை ஒன்றையும் விடாமல்.